கதவு தானாகத்தான் திறந்தது

அக்கா,

புதுக்கடை நீதிமன்றத்துக்கு அடுத்த சந்தில், சட்டத்தரணிமாரின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே நெருக்குப்பட்டு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நிற்கிறது. இன்று மதியம் நாங்கள் அதைக் கடந்தபோது கடைக்காரர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். ரஸ்குத்தூள் எண்ணெயில் சிவக்கிற மணமும், மீனும் மிளகும் கறிவேப்பிலையும் கலந்த மணமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. எனக்குக் கால் நகரவில்லை. இத்தனை வருடம் அந்த மணம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் மறுபக்கம் போனவள் நான். இன்று நேரே போய் ஒன்றை வாங்கிக் கடித்தேன். நாக்குச் சுட்டது. சுட்ட நாக்கோடு நடைபாதையில் நின்று சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. “சித்தி, சனம் பாக்குது” என்று உன் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். பார்க்கட்டுமே!

வென்றுவிட்டோம் அக்கா. உன் வழக்கில் வென்றுவிட்டோம்!

இப்போது கொட்டாஞ்சேனை வீட்டில் மேசையில் இருந்து எழுதுகிறேன். உனக்கு ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்று பஸ்ஸிலேயே நினைத்துக்கொண்டு வந்தேன். பொறு, ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு எப்போதும் முடிவை முதலில் சொல்லிவிடுகிற பழக்கம் என்று நீ ஏசுவாய்.

நீ கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்குப் போனபோது கொட்டாஞ்சேனையே அமைதியாகிவிட்டது என்று அப்பா சொன்னார். கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை, அதில் ஒரு தொடர்மாடி, அதன் ஐந்தாம் மாடியில் உன் வீடு. அத்தான் பம்பலப்பிட்டி மருந்துக்கடையில் காலை போனால் பின்னேரம்தான் வருவார். நீ சும்மா இருக்க மாட்டாமல் ரோல்ஸும் பற்றீஸும் செய்து விற்கத் தொடங்கினாய். பிறந்தநாள் வீடுகள், அலுவலகங்கள், கோயில் திருநாள்கள் என்று உன் தட்டு போகாத இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்து உருட்டித் தருவேன். நான் உருட்டுவதைப் பார்த்து, “இது ரோல்ஸா, தலையணையாடி?” என்று கேட்பாய்.

உன் சத்தத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். மீன்காரனோடு சிங்களத்தில், மேல்மாடி டொக்டரோடு இங்கிலிசில், என்னோடு தமிழில், மூன்றிலும் ஒரே சத்தம். வங்கியில் வரிசை நகராவிட்டால் நீதான் கேட்பாய். பஸ்ஸில் மிச்சக் காசு வராவிட்டால், ஆருடையதாக இருந்தாலும் நீதான் கேட்பாய். நான் உன் சேலைத் தலைப்பை இழுத்து, “விடு அக்கா” என்பேன். “நான் வாயைப் பூட்டினா திறப்பு ஆரிட்டையடி இருக்கு?” என்பாய்.

உனக்கு நேர் கீழே, நாலாம் மாடியில் இருந்த குசும் ஆன்ட்டியோடு உனக்கு இருந்த சண்டையும் அப்படித்தான். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களப் பெண்மணி. மகன் வெளிநாட்டில், அவர் தனியே. உன் எண்ணெய் மணம் தன் வீட்டுத் திரைச்சீலையில் ஏறுகிறது என்று வாராவாரம் முறைப்பாடு. நீ ஒருமுறை தட்டில் ரோல்ஸ் வைத்துக்கொண்டு சமாதானம் பேசப் போனாய். அவர் கதவை அரைவாசி திறந்து, தட்டைப் பார்த்து, “இதுதான் பிரச்சினையே, நங்கி” என்று சிங்களத்தில் தங்கச்சி முறை சொல்லி மூடிவிட்டார். நீ அந்தத் தட்டோடு திரும்பி வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் மறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தில் பிள்ளைக்கு முதல்நன்மை கொடுத்த ஒரு வீட்டுக்கு ரோல்ஸ் கொண்டுவருவதாக இருந்தாய். வந்துவிட்டாயா என்று கேட்க உன் போனுக்கு எடுத்தேன். உன் மகள்தான் எடுத்தாள். “அம்மா இப்பதான் லிப்ட்டுக்குப் போனவ சித்தி. போனை வச்சிட்டுப் போயிட்டா…” அவள் சொல்லி முடிக்கவில்லை. பெரிய சத்தம் ஒன்று. அது எனக்கும் கேட்டது.

லிப்ட் கதவு திறந்திருக்கிறது. ஆனால் லிப்ட் அந்த மாடியில் இல்லை. இரண்டு கைகளிலும் நீ பிடித்திருந்த பெரிய தட்டு கீழே இருந்த வெறுமையை மறைத்திருக்கிறது. கதவு திறந்தது, வழக்கம்போல் நீ காலை வைத்தாய். அவ்வளவுதான்.

எங்களை எரித்தது அதற்குப் பிறகு வந்த கதை. கட்டடத்தைப் பராமரிக்கிற நிறுவனத்தின் மனேஜர் செத்தவீட்டிலேயே ஆட்களிடம் சொல்லத் தொடங்கினார், நீ போன் கதைத்துக்கொண்டு கவனமில்லாமல் போனாய் என்று. போன் வீட்டில் இருந்தது, நானே அதற்குத்தான் எடுத்தேன் என்று சொன்னோம். உடனே கதை மாறியது. லிப்ட் வரப் பிந்தியதால் நீ அவசரப்பட்டுக் கதவை இழுத்துத் திறந்தாயாம். இரண்டு கையிலும் தட்டோடு! ஆனால் சனத்துக்கு அந்தக் கதை பிடித்துக்கொண்டது. “அவ எப்பவும் அவசரக்காரிதானே” என்று, உன் ரோல்ஸைச் சாப்பிட்ட வாய்களே சொல்லின. கல்லறையில் பூ வைத்துவிட்டுத் திரும்பும்போதும் என் காதில் அது விழுந்தது.

சில கிழமைகளில் அந்த மனேஜர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகக் கதைத்தார். பிள்ளையின் படிப்புக்கு என்று ஒரு தொகை தருவார்களாம். அதற்கு அத்தான் ஒரு கையெழுத்து வைக்க வேண்டுமாம். விபத்து உன் கவனக்குறைவால் நடந்தது, இனி ஒருவர் மீதும் வழக்கில்லை என்பதற்கு. அத்தானை உனக்குத் தெரியும்தானே. வாடிக்கையாளர் தவறான மருந்து கேட்டாலும் சத்தம் போடாமல் திருத்துகிற மனிதர். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேசையின் அந்தப் பக்கத்துக்கு மெல்லத் தள்ளிவிட்டார்.

“காசு இருக்கட்டும்” என்றார். “மகள் வளந்து வந்து, நீங்கள் ஏன் அம்மாவிலை பிழை எண்டு எழுதினனீங்கள் எண்டு கேட்டா, நான் என்ன சொல்ல?”

அக்கா, அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு!

பிறகு அலைந்தோம். வெள்ளவத்தையில் தெரிந்த ஒரு சட்டத்தரணி, “லிப்ட் கேஸ் எல்லாம் நிக்காது தங்கச்சி. தாறதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருங்கோ” என்றார். இன்னொருவர் நாங்கள் கதைக்கும்போதே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறக்கோட்டையில் நான் கணக்கு எழுதுகிற கடையின் முதலாளிதான் சட்டத்தரணி றிஹானா மேடத்தைச் சொன்னார். புதுக்கடையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவரது அறை. படிகள் மரப்படிகள். லிப்ட் இல்லை என்று கண்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதி!

ஐம்பது தாண்டிய முஸ்லிம் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். நான் கதிரையில் இருந்தவுடன் அழத் தொடங்கினேன். “இருங்க மகள். மொதல்ல தண்ணி குடிங்க. பொறகு செல்லுங்க. ஒண்ணும் விடாம செல்லுங்க” என்றார். சொன்னேன். அத்தானும் சொன்னார். இடையில் ஒருமுறையும் அவர் மறிக்கவில்லை. முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அந்தக் கதவு அதுக்கு முந்தி வேற யாருக்கும் இப்பிடித் தொறந்து ஈக்கா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். முன்பு வேறு ஆருக்காவது அப்படித் திறந்திருக்கிறதா என்ற அந்தக் கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

“தொறந்து ஈந்தா, அது அவங்களுக்குத் தெரிஞ்சு ஈந்தா, கேஸ் நிக்கும். போய்க் கேளுங்க. ஒவ்வொரு வீடா கேளுங்க.”

அந்தப் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினேன். உன்னைப் புதைத்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கேட்பது! வாழ்நாள் முழுக்க உன் சேலைத் தலைப்பை இழுத்து அடக்கியவள், உன் தொடர்மாடியில் மாடி மாடியாக ஏறி மணி அடித்தேன். தமிழ் வீடு, முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, எல்லா வீட்டிலும் இருக்கச் சொன்னார்கள், தேத்தண்ணி தந்தார்கள், உன்னை நினைத்து அழுதார்கள். லிப்ட் என்றவுடன் முகம் மூடிக்கொண்டது. “எங்களுக்கு ஏன் பிள்ளை வீண் சோலி?” குசும் ஆன்ட்டி கதவையே முழுதாகத் திறக்கவில்லை. “எனக்கு ஒன்றும் தெரியாது துவ” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகளே என்று கூப்பிட்டுக்கொண்டே கதவை மூடினார்.

நான் விடவில்லை. கேட்ட வீட்டிலேயே திரும்பவும் கேட்டேன். என்னைக் கண்டால் ஆட்கள் படிக்கட்டில் திரும்பிப் போகிற அளவுக்குக் கேட்டேன்.

ஒரு மழை நாள் பின்னேரம் உன் வீட்டில் நானும் உன் மகளும் இருந்தோம். மணி அடித்தது. திறந்தால் குசும் ஆன்ட்டி. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். படியேறித்தான் வந்திருக்கிறார். உள்ளே வந்து, இருக்காமல் நின்றபடியே சிங்களத்தில் சொன்னார்.

“எனக்கும் திறந்தது துவ. உன் அக்காவுக்கு நடக்க முந்தி. நான் குடையை ஊன்றிக்கொண்டுதான் நடப்பேன். குடை முதலில் உள்ளே போனது. கீழே விழுந்து வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் காலை இழுத்தேன். மனேஜருக்குச் சொன்னேன். பார்க்கிறேன் என்றான்.”

“அண்டைக்கு ஏன் ஆன்ட்டி சொல்லேல்லை?” என்று நான் தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு அது விளங்கியது.

“தனியாக இருக்கிற கிழவி நான். தண்ணீர் நின்றால், கரண்ட் போனால் அவர்களைத்தானே கூப்பிட வேண்டும்? பயந்துவிட்டேன்.” பிறகு உன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். “ஆனே, ஐயோ, சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் எனக்குக் கீழே இருக்கவும் முடியவில்லை” என்றார்.

உன் மகள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் றிஹானா மேடத்துக்குப் போன் எடுத்து, என்ன சொல்கிறேன் என்றே தெரியாமல் கத்தினேன். “மெதுவா, மெதுவா” என்று அவரும் சிரித்தார்.

வழக்குப் போட்டோம். அத்தானும் உன் மகளும் வழக்காளிகள். அதன் பிறகு நீதிமன்றத் தவணை, தவணை, தவணை. கொரோனா வந்து நீதிமன்றமே பூட்டிக் கிடந்தது. திறந்தபோது பெற்றோல் வரிசை. ஒருநாள் மேடம் ஓட்டோ கிடைக்காமல் நடந்தே வந்தார். பள்ளிக்கூடச் சட்டையோடு முதல் தவணைக்கு வந்த உன் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தவணைக்கும் எனக்குள் இருந்த பயம் ஒன்றுதான்: குசும் ஆன்ட்டிக்கு வயது போகிறது. “நான் சாட்சி சொல்லாமல் சாக மாட்டேன், நீ போய் வேலையைப் பார்” என்று அவரே எனக்குத் தைரியம் சொன்னார்.

அவர் சாட்சி சொன்ன நாளை நீ பார்த்திருக்க வேண்டும்!

வெள்ளைச் சேலை கட்டி, தலையை இழுத்துக் கொண்டை போட்டு, புதுக் குடை ஒன்றை ஊன்றிக்கொண்டு வந்தார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. என்னுடையது புறக்கோட்டைச் சிங்களம்; பேரம் பேசப் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. உன் மகள் என் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் சட்டத்தரணி நல்ல உயரமான மனிதர். மெதுவாகத் தொடங்கினார். வயதென்ன, கண் எப்படி, காது எப்படி என்று கேட்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

“இறந்தவரோடு நீங்கள் சண்டைதானே?”

“ஓம்.”

“அவரைப் பற்றி மனேஜரிடம் பலமுறை முறையிட்டிருக்கிறீர்கள்?”

“ஓம். எண்ணெய் மணம். வாராவாரம் சொன்னேன்.”

“அப்படி முறைப்பாடு செய்கிற பழக்கம் உள்ள நீங்கள், லிப்ட் பற்றியும் சொன்னேன் என்று இப்போது புதிதாகச் சேர்த்துச் சொல்கிறீர்கள். இல்லையா?”

நான் உன் மகளின் கையை இறுக்கிப் பிடித்தேன். குசும் ஆன்ட்டி அவசரப்படவில்லை. நீதிபதியின் பக்கம் திரும்பினார். அவர் சொன்னது எனக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கியது.

“மணக்கிறது என்று சொன்னால் மனேஜர் அன்றைக்கே மேலே ஏறி வருவார். அந்தப் பிள்ளையை ஏசிவிட்டுப் போவார். கதவு திறக்கிறது, லிப்ட் இல்லை என்று சொன்னேன். ஒருவரும் வரவில்லை.”

உயரமான மனிதர் காகிதத்தைப் புரட்டினார். ஆன்ட்டி இன்னும் முடிக்கவில்லை.

“எனக்கு அந்த மணம் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் அந்தப் பிள்ளை கதவை உடைக்கவில்லை.”

எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது அக்கா! விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது! மேடம் திரும்பி என்னைப் பார்த்து, அசையாதே என்று கண்ணால் சொன்னார். அவரது உதட்டோரமும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே வந்ததும் நான் ஆன்ட்டியின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினேன். “போதும் போதும், பவுடர் அழிகிறது” என்று தள்ளிவிட்டார்.

இன்று தீர்ப்பு. அத்தான், உன் மகள், ஆன்ட்டி, நான், நால்வரும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். நீதிபதி வாசிக்க வாசிக்க உன் மகள் காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். கதவுப் பூட்டு பழுதாக இருந்தது. எதிராளிக்கு அது தெரிவிக்கப்பட்டிருந்தது. திருத்தவில்லை. திடீரென்று அவள் குரல் நின்றது. நான் அவளைத் தட்டினேன்.

“என்ன? நீதிபதி என்ன சொன்னவ?”

“கதவு தானாகத்தான் திறந்ததாம் சித்தி. அம்மாவிலை ஒரு பிழையும் இல்லையாம்.”

எனக்கு மறுபக்கம் இருந்த அத்தானுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. அவளுடைய கையைப் பிடித்தார். “இன்னொருக்காச் சொல்லு” என்றார். அவள் சொன்னாள். “இன்னொருக்கா.” அவள் திரும்பவும் சொன்னாள். உன் சத்தத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து பேச்சே தேவைப்படாமல் போன மனிதர், நீதிமன்றம் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார். ஒருவரும் அவரை அதட்டவில்லை.

நட்டஈடு இவ்வளவு என்றும் வாசித்தார்கள். அது எங்கள் காதில் ஏறவில்லை. பிறகு படியில் வைத்து மேடம்தான் சொன்னார். “அவங்க மேன்முறையீடு செய்வாங்க, அதையும் பாத்துக்குவம். ஆனா மகள், இன்டைக்கு நல்லா சிரிங்க. இது எழுத்துல வந்திட்டு.” தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போடாமல் நின்றார்.

அதன் பிறகுதான் அந்தச் சந்தும் கடையும். பின்னேரம் அத்தானும் மகளும் நானும் உன் கல்லறைக்குப் போனோம். மகள் அந்த வரியை உனக்குத் தமிழில் ஒருமுறை சொன்னாள், பிறகு சிங்களத்தில் நீதிபதி வாசித்தபடியே சொன்னாள். பக்கத்துக் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் அவள் அவ்வளவு சத்தமாகச் சொன்னாள். அந்தச் சத்தம் ஆருடையது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒருகொடவத்தையில் கொள்கலன் சரிந்து தகப்பனை இழந்த ஒரு குடும்பம், என்னை எப்படியோ கேள்விப்பட்டு இன்று போன் எடுத்தது. அந்தப் பெண் பேசத் தொடங்கி அழுதுவிட்டாள். “அவரிலைதான் பிழையெண்டு சொல்லுறாங்கள் அக்கா, நாங்கள் ஆரிட்டைப் போறது?” என்று கேட்டாள். நாளை காலை அவளை மேடத்திடம் கூட்டிப்போகிறேன். அவளிடம் என்ன கேட்க வேண்டும், ஆரைத் தேட வேண்டும் என்று எனக்கு இப்போதே மனம் பரபரக்கிறது. எனக்கு இப்படி ஒரு வேலை வருமென்று ஆர் நினைத்தது?

என்னிடம் புதிதாக ஒரு பழக்கமும் இருக்கிறது. எந்த லிப்ட் திறந்தாலும் என் கை தானாக நீண்டு பக்கத்தில் நிற்பவர்களை மறிக்கும். தெரிந்தவரோ, தெரியாதவரோ, பெரிய அதிகாரியோ, எனக்குக் கவலையில்லை. சிலர் முறைப்பார்கள். சிலர் எனக்கு ஏதோ நோய் என்று ஒதுங்குவார்கள். நான் குனிந்து, அங்கே நிற்க ஒரு தளம் இருக்கிறது என்று என் கண்ணால் கண்ட பிறகுதான் கையை எடுப்பேன். எடுத்துவிட்டு, மாடி முழுக்கக் கேட்கும்படி சொல்வேன்:

“வாங்கோ, ஏறுங்கோ.”